மீன்சந்தைச் சந்து

மலைநாட்டில் கல் வெட்டுகிறவர்களின் ஊர் ஒன்று இருந்தது. அங்கே சபையை உண்டாக்கும்படி அனுப்பப்பட்டவர் காசியன். தோல் தைப்பது அவர் தொழில். மனைவியோடு போனவர், பல ஆண்டுகள் கழித்துத் தனியாகத் துறைமுகப் பட்டணத்துக்குத் திரும்பி வந்தார்.

அவருக்கு வேதம் கற்றுக்கொடுத்தவர் கலிஸ்தா. காசியனைவிட வயதில் இளைய பெண். பட்டணத்துச் சபை அவர் வீட்டில்தான் கூடும்.

காசியன் வந்து சேர்ந்தது வாரத்தின் முதல் நாள், சபை கூடும் நாள். கலிஸ்தா வீட்டு முற்றம் நிறைந்து வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். சுமைதூக்கிகள், அடிமைகள், நல்ல உடை உடுத்திய பெண்கள் இரண்டொருவர். காசியன் ஒரு தூணோரம் ஒதுங்கினார். பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்து, சமாதானம் என்றார். அவர் கையை இன்னொருவர் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கூட்டம் கலைந்தபின் கலிஸ்தா கிண்ணங்களைக் கழுவினார். காசியன் அவற்றைத் துடைத்து அடுக்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். மலையூரில் அவரை யாரும் அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. காது கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சந்தையில் அவர் பேசத் தொடங்கினால் ஆட்டுப் பேரம் அது பாட்டுக்கு நடக்கும். பஞ்சத்தில் அவர் கொடுத்த கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டுத் தங்கள் கோயிலுக்கே போனார்கள். மனைவி காய்ச்சலில் இறந்தபோது குழி வெட்டக்கூட ஆள் வரவில்லை. அவரே வெட்டினார். அதற்குப் பிறகு வாரத்தின் முதல் நாள்தோறும் அவரே ஜெபித்து, அவரே ஆமென் சொல்லி, அப்பத்தைப் பிட்டு, ஒரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அந்தப் பாதியை என்ன செய்வீர்கள்?" என்று கலிஸ்தா கேட்டார்.

"கொஞ்ச நேரம் பார்ப்பேன். பிறகு நானே சாப்பிட்டுவிடுவேன்."

கலிஸ்தா கடைசிக் கிண்ணத்தையும் நீட்டினார்.

"நான் இங்கேயே இருந்துவிடுகிறேன், சகோதரி. எல்லாப் பட்டணங்களிலும் சபை வளர்கிறது. அங்கே சபையே இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்."

கலிஸ்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாருங்கள் என்று மட்டும் சொல்லி முன்னே நடந்தார்.

மீன்சந்தைக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. அதில் தாழ்ந்த கூரையோடு ஓர் அறை. யாரோ உப்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். குனிந்துதான் உள்ளே போக முடிந்தது.

இங்கே ஒரு வெளிநாட்டுக்காரர் இருந்தார் என்று கலிஸ்தா சொல்லத் தொடங்கினார். கயிறு திரிப்பவர். பட்டணத்தின் பேச்சு அவருக்குச் சரியாக வராது. ஆண்டவரைப் பற்றி அவர் தெருவில் பேசினால், ஆட்கள் அதே மாதிரி பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவர் சொன்னதை ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பிறகு கொள்ளைநோய் வந்தது. அப்போது கலிஸ்தா சிறுமி. நோய் கண்ட அவளை வீட்டார் தெருவில் கிடத்திவிட்டு ஊரைவிட்டு ஓடினார்கள். கயிற்றுக்காரர் அவளைத் தூக்கிவந்து கழுவித் துடைத்துத் தண்ணீர் புகட்டினார். அவள் தேறுவதற்குள் நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் இறந்தபின் பிழைத்து எழுந்தவள், அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெயர் யாருடையது என்று கப்பலில் வந்து இறங்கியவர்களிடமெல்லாம் கேட்டு அலைந்தாள். அப்படித்தான் இந்தப் பட்டணத்தில் சபை தொடங்கியது.

காசியன் மூட்டைகளுக்கு நடுவே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு பேர் படுத்தால் இடம் தீர்ந்துவிடும்.

"அவர் பெயர் என்ன?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

"சாகும்போது அவர் பக்கத்தில் யார் இருந்தார்கள்?"

"அந்தச் சுவரோரம் அவர் கிடந்தார். இந்த மூலையில் நான். நாக்கு வீங்கியிருந்ததால் என்னால் பேச முடியவில்லை. காது மட்டும் கேட்டது."

"ஜெபித்தாரா?"

"ஜெபித்தார். தன் நாட்டு மொழியில் அல்ல. எங்கள் மொழியில், தட்டுத்தடுமாறி."

"என்ன சொன்னார்?"

கலிஸ்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, இந்தப் பட்டணத்தில் உமக்கென்று ஒருவரைக்கூட என்னால் சேர்க்க முடியவில்லையே என்றார்."