கன்னத்தில் இரண்டு தட்டு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் பாக்கியம். என் மூத்தவளின் வளைகாப்பன்று, வளையல்காரர் வரத் தாமதமானபோது சொன்னாள்.

வெகுகாலத்துக்கு முன்னே செங்கோடை நாட்டை ஒரு ராஜா ஆண்டார். நல்லவர்தான், ஆனால் காலையில் சொன்னது மாலையில் நிற்காது. அங்கே சவரக்கத்தி பிடிக்க, அரசாங்கம் அனுமதியாகக் கையில் கட்டிவிடும் செப்பு வில்லை வேண்டும். பஞ்சத்தில் ஓர் ஆட்டைத் திருடி, மூன்று வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்த நாவிதன் ஆவுடையான், அந்த வில்லையைக் கேட்டுச் சபையில் நின்றான். கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டே போகவேண்டியதுதான்.

வில்லை கொடுக்கும் அதிகாரி உத்தண்டர் முகத்தைச் சுளித்தார். "மகாராஜா, திருடன் கையில் கத்தியா? இவனிடம் எவன் கழுத்தை நீட்டுவான்?"

"அதுவும் சரிதான்," என்றார் ராஜா.

மந்திரி சேந்தனார் ஆவுடையானைத் தனியே அழைத்தார். "சிறையில் என்னப்பா வேலை பார்த்தாய்?"

"சவரந்தான் சாமி. காலைத் தூணோடு சங்கிலி போட்டிருப்பாங்க, சுத்திவர முடியாது. கன்னத்துல ரெண்டு தட்டுத் தட்டினா, உட்கார்ந்தவரே முகத்தைத் திருப்பிக்கணும்."

"யார் யாருக்குச் செய்தாய்?"

"அதைச் சொல்றது தொழிலுக்கு அழகில்லீங்க."

மந்திரி சிரித்துக்கொண்டார். மாதாமாதம் சிறையைப் பார்வையிடப் போன உத்தண்டர் மழமழவென்ற முகத்தோடு திரும்பியதை அவர் கவனித்திருந்தார்.

மறுநாள் சபையில் மந்திரி, "ஒரு விளையாட்டு மகாராஜா. எல்லாரும் கண்ணை மூடட்டும். கன்னத்தில் ஒருவன் தட்டுவான், அவ்வளவுதான்," என்றார். விளையாட்டென்றால் ராஜாவுக்குச் சோறு வேண்டாம்.

ஆவுடையான் பயந்துகொண்டே வரிசையாகத் தட்டினான்.

"யாரய்யா அது?" என்றார் சேனாதிபதி.

"கொசுவா?" என்றார் புலவர்.

உத்தண்டர் முறை வந்தது. தட்டு விழுந்ததும் முகத்தை இடப்பக்கம் திருப்பினார். மறுபடி தட்ட, மோவாயைத் தூக்கிக் கழுத்தை நீட்டினார்.

மந்திரி சங்கிலி விஷயத்தைச் சொன்னதும் ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஓய் உத்தண்டரே, தண்டனையில் இருந்தவனிடம் நீட்டின கழுத்துக்கு, தண்டனை முடிந்தவனிடம் என்ன பயம்?"

உத்தண்டர் தலை குனிந்தார். "அவன் கை மெத்தென்று இருக்கும், மகாராஜா."

"அப்படியானால் வில்லையை நீரே கட்டிவிடும். கடைவீதியில் முதல் சவரமும் உமக்குத்தான்," என்ற ராஜா, தன் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார்.

கடைவீதியில் ஊரே கூடியிருந்தது. ஆவுடையான் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். உத்தண்டர் முகத்தைத் திருப்பப் போனார்.

"இருங்க சாமி, நீங்க திரும்ப வேணாம்," என்றான். தன் காலை ஒருதரம் பார்த்துக்கொண்டான். பிறகு மெல்ல நடந்து, அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

உங்கள் தெருவில் இப்படி ஒருவர் திரும்பிவந்து கடை வைத்தால், சாமியைக் கும்பிட்டுவிட்டு, முதல் ஆளாக ஒருதரம் போய் உட்காருங்கள்.