பதினொரு பாட்டில் முதல் பாட்டு

"முதப் பாட்டு இன்னாத்துக்கு நவீதுக்கு, மாஸ்டர்?" என்று கேட்டான் கஜபதி.

எஸ்தர் கம்ப்யூட்டரைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை.

பெரம்பூரில் ஒரு தையல்கடைக்கு மேலே இருக்கும் அந்த அறையில்தான் எஸ்தர் பீட் போடுகிறாள். அவள் பீட்டுக்கு ராப் பாடுகிறவர்கள் பதினொரு பேர். லாரி ஓட்டுகிறவன், மீன் வெட்டுகிறவன், பி.காம். படிக்கிற பெண் என்று ஆளுக்கொரு பிழைப்பு. ஆளுக்கொரு பாட்டு கொடுத்து எல்லோரையும் ஒரே ஆல்பத்தில் வெளியிடப் போகிறாள். இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆல்பத்தை அனுப்பியாக வேண்டும்.

கஜபதி பாட்டு மட்டும்தான் இன்னும் பதிவாகவில்லை. முதல் இடம் தராமல் பாட மாட்டேன் என்று ஒரு வாரமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தான்.

எஸ்தருக்கு வயது இருபத்தொன்பது, அவனுக்கு முப்பத்தாறு. அவள் அவனை அண்ணா என்பாள். அவன் அவளை மாஸ்டர் என்பான். வாயைத் திறந்து பாடக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

சுவரில் வெள்ளைப் பலகை. அதில் பாட்டுகளின் வரிசை. முதலில் நவீத். ஏழாவதாகக் கஜபதி.

அந்த ஏழாம் எண்ணைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு வருஷமாக இந்த மாடிப்படி ஏறுகிறவன். வெளிச்சத்தம் வராமலிருக்கப் பாடும் மூலையைச் சுற்றிக் கம்பளி தொங்குகிறதே, அதற்கு ஆணி அடித்ததே அவன்தான். நவீத் வந்து எட்டு மாசம் ஆகிறது. அவன் "கஜாண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடும்போதெல்லாம் இவனுக்கு வயிறு பற்றி எரியும். வெளியே சிரித்த முகமாக அவன் தோளில் தட்டிக்கொடுப்பான், அது வேறு விஷயம்.

போதாக்குறைக்கு, முதல் பாட்டு தன்னுடையதுதான் என்று தான் வேலை செய்யும் தண்ணீர் லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். மகளிடமும் சொல்லியிருந்தான். அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தாள்.

"எல்லாரும் மொதல்ல தட்டுறது முதப் பாட்டத்தான் மாஸ்டர். ஏழாவது வரிக்கும் எவன் வருவான்?"

எஸ்தர் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

"அவன் பாட்டுல இன்னா கீது? ஃபுல்லா ஓட்டை."

எஸ்தர் இப்போது திரும்பினாள்.

"எங்கண்ணா ஓட்டை?"

இந்தக் கேள்விக்காகத்தான் கஜபதி ஒரு வாரமாகக் காத்திருந்தான். மடமடவென்று அடுக்கினான். தொடக்கத்திலேயே நவீத் கால் மாத்திரை பிந்துகிறான். நடுவில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது. கடைசிப் பகுதியில் ஒரு சொல்லை முழுங்கிவிடுகிறான், அது என்ன சொல் என்று அவனைப் பெற்றவளுக்கே புரியாது.

"பாடிக் காட்டுங்க. எப்படிப் பாடியிருக்கணும்?"

அவள் நவீதின் பீட்டை ஓடவிட்டாள். கஜபதி கம்பளிக்குள் நுழைந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பாடினான். மூன்று நிமிஷப் பாட்டு. ஒரு சொல் தப்பவில்லை. பிந்திய இடத்தைச் சரிசெய்தான், மூச்சை மறைத்தான், முழுங்கிய சொல்லைப் பளிச்சென்று போட்டான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், நவீதைவிட நன்றாகவே பாடினான்.

வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தான். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"எத்தனை நாளா இந்தப் பாட்டக் கேக்கறீங்கண்ணா?"

"லாரில ஏறுனா எறங்குற வரிக்கும் அதான் ஓடும். தப்பக் கண்டுபுடிக்கணும்ல?"

எஸ்தர் எழுந்துபோய்ப் பலகையில் நவீதின் பெயரை அழித்தாள். அங்கே கஜபதி என்று எழுதினாள். ஏழாவது இடத்தில் நவீத் என்று எழுதினாள்.

"முதப் பாட்டு உங்களுது. வாங்க, எடுத்துடலாம்."

கஜபதிக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கு நவீத் உள்ளே வந்து அந்தப் பலகையைப் பார்ப்பான். அவன் முகம் எப்படிச் சுண்டிப்போகும் என்று நினைத்தான். அந்த முகத்தை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டான். பிறகுதான் கம்பளிக்குள் போனான்.

எஸ்தர் கை நீட்டினாள். அவன் செல்போனைக் கொடுத்தான். அங்கே அதுதான் வழக்கம். மைக் முன்னால் போனும் கூடாது, தாளும் கூடாது. யாராக இருந்தாலும் பாட்டு வாயில் இருக்க வேண்டும்.

பீட் தொடங்கியது. அவனுடைய சொந்த பீட். எஸ்தர் அவனுக்கென்றே போட்டது.

"லாரி வந்தா தெரு முழிக்கும்
கொடம் உருண்டா சண்ட வெடிக்கும்
எங்கப்பன் பேரு கடலுக்குத் தெரியும்..."

கஜபதி சட்டென்று நின்றான்.

மூன்றாவது வரி நவீதுடையது. நவீதின் அப்பா காசிமேட்டில் படகு ஓட்டுகிறவர். கஜபதியின் அப்பா ஓட்டேரியில் பஞ்சர் ஒட்டியவர். கடற்காற்று வாங்கக்கூடப் போகாத மனுஷன்.

"ஸாரி மாஸ்டர். வாய் தவறிடுச்சி."

எஸ்தர் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள்.

இந்தத் தடவை உஷாராக இருந்தான். லாரி வந்தது. குடம் உருண்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நவீதைத் தள்ளி நிறுத்தினான். நவீத் வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை.

பீட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தன்னுடைய மூன்றாவது வரியை எழுதிய இடம் ஞாபகம் இருந்தது. மூலக்கடை சிக்னல். நல்ல வெயில். ஸ்டியரிங்மேல் பால் பாக்கெட் ரசீதை வைத்து எழுதினான், பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தான். எல்லாம் ஞாபகம் இருந்தது. வரி மட்டும் இல்லை.

கண்ணை மூடினான். பயமாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது கம்பளியின் இடுக்கு வழியாகப் பலகை தெரிந்தது. உச்சியில் அவன் பெயர்.

பீட் முடிந்தது.

மணி ஐந்தேகால்.

"இன்னொரு வாட்டி போடுங்க, மாஸ்டர்."

எஸ்தர் கீபோர்டில் விரலை வைத்தபடி அவனைப் பார்த்தாள்.

"எந்தப் பாட்டுண்ணா?"