அதிவீரராயரின் பசி

மங்கலக்கோட்டை மன்னர் அதிவீரராயருக்கு எதிரிகளால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் அவருடைய வயிற்றால்தான். ஆறு மாதமாக அஜீரணம். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், உப்பிய வயிறு.

அரண்மனை வைத்தியர் மருதவாணர் கொடுக்காத மருந்தில்லை. இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுத்தார். ஓமத் தண்ணீர் கொடுத்தார். சீரகம் வறுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் வேலை செய்தது. வயிறு கொஞ்சம் லேசானதும் மன்னர், "இனிக் கவலையில்லை, அந்தக் கறியைக் கொண்டுவா" என்பார். மறுபடி ஏப்பம்.

ஒருநாள் மருதவாணர் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் பத்தியம் இருந்தால்..." என்றார்.

மன்னர் முகம் சிவந்தது. "என் சோற்றில் கைவைக்கிறீரா? பத்தியமில்லாத மருந்து வேண்டும். மூன்று நாளில் குணமாகாவிட்டால் நீர் மூட்டையைக் கட்டலாம்."

அறுபது வயதில் எந்த ஊருக்குப் போவது? மருதவாணர் நேரே அரசவை விகடகவி பிச்சாண்டியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"உம்மிடம் இருப்பதில் நல்ல மருந்து எது?" என்று கேட்டான் பிச்சாண்டி.

"சுக்கு, மிளகு, திப்பிலி, பெருங்காயம் போட்டு இடித்த சூரணம்."

"அது என்ன செய்யும்?"

மருதவாணர் சொன்னார். பிச்சாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஜாடியை எடுத்துக்கொண்டு வாரும்" என்று எழுந்தான்.

மன்னர் அப்போதுதான் காலைப் பலகாரத்தை முடித்து, ஆசனத்தில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அரசே, மருந்து வந்துவிட்டது. பத்தியம் கிடையாது. மருந்தைச் சாப்பிட்ட பிறகு எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்றான் பிச்சாண்டி.

"கொடு, கொடு."

"ஒரே ஒரு விஷயம். நல்ல பசியில்தான் இதைச் சாப்பிட வேண்டும். பசியில்லாத வயிற்றில் போட்டால் குடல் எரியும். மருந்துக்கு முன்னால் சாப்பாடும் கூடாது."

"பசிதானே? மதியம் வந்துவிடும்."

மதியம் சமையற்கட்டிலிருந்து வறுவல் வாசனை வந்தது. "பசிக்கிறது, மருந்தை எடு" என்றார் மன்னர். பிச்சாண்டி உப்பில்லாத வரகுக் கஞ்சி ஒரு கிண்ணம் நீட்டினான். "பசியா என்று பார்க்க வேண்டாமா? இந்தக் கஞ்சி முழுதும் இறங்கினால்தான் உண்மையான பசி."

மன்னர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "ஊறுகாய் எங்கே?"

"ஊறுகாய் கேட்பது நாக்கு, அரசே. வயிறு இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை."

சாயங்காலம் கால் கிண்ணம் இறங்கியது. "கொஞ்சம் உப்பாவது போடக்கூடாதா?" என்று முனகினார். பிச்சாண்டி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மருதவாணருக்குக் கவலை வந்தது. மன்னர் பட்டினியில் கோபப்பட்டால் மூன்று நாள்கூடக் காத்திருக்க மாட்டாரே.

மறுநாள் விடிந்ததும் மன்னரே ஆளனுப்பினார். இருவரும் ஓடினார்கள். மன்னர் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கினார். மடமடவென்று குடித்தார். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டு அதையும் குடித்தார். ஏப்பம் வரவில்லை. நெஞ்சு எரியவில்லை. வயிறு பஞ்சு போல இருந்தது.

"இப்போது உண்மையான பசி. மருந்தை எடு" என்று கையை நீட்டினார்.

பிச்சாண்டி வைத்தியர் பக்கம் திரும்பினான். "மருதவாணரே, உமது சூரணம் என்ன செய்யும் என்று அரசரிடம் சொல்லும்."

மருதவாணர் ஜாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நன்றாகப் பசியெடுக்க வைக்கும், அரசே."

மன்னர் ஜாடியைப் பார்த்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆறு மாதத்தில் முதல்முறையாக அப்படிச் சிரித்தும் அந்த வயிறு வலிக்கவில்லை.

"வைத்தியருக்குப் பட்டுச் சால்வை போடுங்கள்" என்றார். "பிச்சாண்டி, அந்த மருந்தை என்ன செய்வது?"

"பக்கத்து நாட்டு ராஜாவுக்கு அனுப்பிவைக்கலாம், அரசே. அவருக்கும் நல்ல சமையல்காரன் வாய்த்திருக்கிறானாம்."