ஓகேன்னு காட்டுனேன்ல!

"என்னை மட்டும் ஏன் மேடம் பெயிலாக்குனீங்க?"

கடலை விட்டுப் படகில் ஏறித் தேர்வு முடிவைக் கேட்டதுமே, தலைகூடத் துவட்டாமல் இசக்கிராஜா ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தமானில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் கம்பெனி ஒன்று, ஸ்கூபா டைவிங் சான்றிதழோடு வந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. வாழ்க்கையில் அவனுக்குக் கிடைக்கவிருந்த முதல் வேலை.

பயிற்சியாளர் ரொவீனா அவனைவிட இளையவர். நிதானமாகக் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஷைனி அக்கா காது வலிக்குதுன்னு பாதியிலேயே மேல வந்தாங்க. அவங்க பாஸ்!"

"ஆமா."

"தேவசகாயம் அண்ணன் திருக்கை மீனைப் பார்த்து நடுங்கிப்போய்க் கையை ஆட்டுனாரு. அவரும் பாஸ்!"

"ஆமா."

"நான் ஒரு தடவையாச்சும் உங்களுக்குத் தொந்தரவு குடுத்தேனா?"

"இல்லையே."

இப்படிப் பதில் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"நேத்து கடலுக்கடியில உங்க முகக் கண்ணாடிக்குள்ள பாதி தண்ணி," என்றார் ரொவீனா. "ஓகேவான்னு கேட்டேன்."

"ஓகேன்னு காட்டுனேன்ல!"

"காட்டுனீங்க."

"அப்புறம் என்ன? பள்ளிக்கூடத்துலயே வாத்தியார் 'புரிஞ்சுதா'ன்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள 'புரிஞ்சுது சார்'னு சொல்றவன் நான். இது அநியாயம் மேடம்!"

ரொவீனா எழுந்தார்.

"சிலிண்டரை மாட்டுங்க."

"இங்கயா? படகுலயா?"

"மாட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். கண்ணாடி கண்ணோடு மூக்கையும் மூடியது. வாயில் மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டான்.

ரொவீனா பின்னால் போனார். அவனுக்குத் தெரியாமல் சிலிண்டரின் திருகை மூடினார்.

இரண்டு மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை.

ரொவீனா முன்னால் வந்து நின்றார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். தண்ணீருக்கடியில் அவர் தினமும் கேட்கும் கேள்வி அது. ஓகேவா?

இசக்கிராஜாவின் கை சட்டென்று உயர்ந்தது. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தாங்க முடியாமல் குழாயைத் துப்பினான்.

"காத்தே வரல! என்ன மேடம், ஆளைக் கொல்லப் பாக்குறீங்களா? கண்ணு தெரியல உங்களுக்கு?"

ரொவீனா அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனும் பார்த்தான்.

விரல்கள் இரண்டும் இன்னும் வட்டமாகவே சேர்ந்திருந்தன.