"எல்லாப் பக்கமும் நலம்!"

ஆனைமடுவின் கரையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. கோடையில் அந்தக் காட்டில் வற்றாத தண்ணீர் அந்த மடுவில் மட்டும்தான். மான், முயல், காட்டுப்பன்றி எல்லாம் அங்கேதான் வந்து குடித்தாக வேண்டும். குனிந்து குடிக்கும்போது சிறுத்தை பதுங்கி வருவது தெரியாது அல்லவா? அதற்காகவே மருதமரத்தில் ஒரு காவல்படை இருந்தது.

மர உச்சியில் இருப்பவர் சுற்றிலும் பார்க்க வேண்டும். ஆபத்து ஏதும் இல்லையென்றால், "எல்லாப் பக்கமும் நலம்!" என்று கூவ வேண்டும். அதைக் கேட்டபிறகுதான் விலங்குகள் தண்ணீரில் வாய் வைக்கும். இந்த வேலைக்குக் கூலியாக, பக்கத்து அத்திமரத்தின் பழத்தை எல்லாம் காவல்படைக்கே விட்டுக் கொடுத்திருந்தார்கள்.

செம்பி என்ற மலையணில் அந்தப் படையில் வேலை பார்த்தாள். கூட்டில் அவளுக்கு மூன்று குட்டிகள். படைக்குத் தலைவன் கருமுகன் என்ற நீளவால் குரங்கு.

ஒரு நாள் உச்சிவேளையில் செம்பியின் காவல். நாணலுக்குள் ஏதோ மஞ்சளாக அசைந்தது. அவள் கத்த வாயைத் திறந்தாள். கருமுகனின் கை அவள் வாயைப் பொத்தியது.

"சும்மா இரு! அது காத்து!"

"காத்துக்கு வால் இருக்குமா தலைவரே?"

"நான் சொன்னா காத்துதான்! நலம்னு கூவு! இல்லேன்னா நாளையிலேர்ந்து உனக்குப் பழம் கிடையாது!"

செம்பிக்குக் கூட்டில் இருந்த மூன்று வாய்களும் நினைவுக்கு வந்தன. அவள் கூவினாள். "எல்லாப் பக்கமும் நலம்!"

மான்கள் குனிந்தன. அடுத்த நொடியில் நாணல் பிளந்தது. சித்திரை என்ற புள்ளிமானின் குட்டி மந்தையைவிட்டு நாணலோரமாக நின்றிருந்தது; மற்றவை நிமிர்வதற்குள் சிறுத்தை அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குட்டி அது.

"பாவம், சேத்துல வழுக்கி முங்கிடுச்சு!" என்று கருமுகன் அறிவித்தான். குளம்பு நனையும் அளவுக்குத்தான் அந்தக் கரையில் சேறு. அதில் ஒரு மான்குட்டி முங்கிச் செத்ததாம்! கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

செம்பி தன்னோடு வேலை பார்க்கும் கரிச்சான் குருவியிடம் போனாள்.

"இது நாலாவது குட்டி, அக்கா," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "சிறுத்தை குரங்குக் கூட்டத்தைத் தொடாது. அதுக்குப் பதிலா தலைவர் வாரத்துக்கு ஒரு நாள் கண்ணை மூடிக்குவார். அதான் ஏற்பாடு."

"தெரிஞ்சுமா நீ சும்மா இருக்கே?"

"எனக்கும் கூடு இருக்கே! அதோட, வெளியே தெரிஞ்சா இந்த மரத்தை யாரு நம்புவா? நம்பலேன்னா குடிக்க வர மாட்டாங்க. தாகத்துலயே பாதிப்பேர் செத்துடுவாங்க. யோசிச்சுப் பாருங்க."

செம்பி யோசித்தாள். கரிச்சான் சொன்னது நியாயம் போலவே இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. சொன்னால் தன் குட்டிகள் பட்டினி, காடெல்லாம் பீதி. சொல்லாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு குட்டி. இரண்டு நாள் இதையே எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மடுச்சபையின் தலைவரான காட்டெருது திமிலனாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

திமிலனார் அசைபோட்டபடியே கேட்டார். "இதை முதல்ல கருமுகன்கிட்ட சொன்னியா?"

"ஐயா, புகாரே அவர் மேலதான்!"

"இருக்கட்டும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? படையில இருக்கறவங்க புகார் தலைவர் மூலமாத்தான் வரணும். சரி, நீ போ. நான் அவர்கிட்டயே விளக்கம் கேக்கறேன்."

கேட்டார். புகார் சொன்னது யார் என்று பெயரையும் சொல்லியே கேட்டார்!

மறுநாள் கருமுகன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "செம்பியம்மா, உனக்குப் பெரிய பொறுப்பு! இனிமே எதிர்க்கரை மொட்டைப் பாறையில காவல். அங்கே பழப் பங்கு கிடையாது. இன்னொண்ணு, மரத்துல இருக்கறவங்கதான் குரல் கொடுக்கணும். பாறையிலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு, குட்டிகளோட காட்டை விட்டே வெளியே!"

குரல் கொடுக்கக் கூடாத காவலாம்! அதற்குப் பாறையே போதுமே, அணில் எதற்கு?

கூட வேலை பார்த்தவர்கள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'காட்டிக் கொடுத்தவள்' என்று முணுமுணுத்தார்கள். பச்சைக் குட்டிகளைச் சிறுத்தைக்குக் காட்டிக் கொடுத்தவனுக்குப் பெயர் தலைவர். அதை வெளியே சொன்னவளுக்கு இந்தப் பெயர்! செம்பியின் குட்டிகள் பட்டையைக் கடித்துப் பசியாறின.

செம்பிக்கு இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி இருந்தது. அவள் சித்திரையிடம் போய் நின்றாள்.

"அன்னிக்கு நலம்னு கூவினது நான்தான். சிறுத்தையைப் பார்த்துட்டுத்தான் கூவினேன்," என்று நடந்ததை எல்லாம் சொன்னாள்.

சித்திரை ஓரடி முன்னால் வந்தாள். "இப்போ பேசற இந்த வாய் அன்னிக்கு எங்கே போச்சு?"

"பயந்துட்டேன்."

"உன் குட்டிங்க மூணும் இருக்கா?"

"இருக்கு."

"போயிடு! என் கண்ணு முன்னால நிக்காதே!"

செம்பி திரும்பி நடந்தாள். அந்த வார்த்தை தனக்குத் தகும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம், அதே உச்சிவேளை. கருமுகன் ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டான். மொட்டைப் பாறையிலிருந்து பார்த்தால் நாணல் காடு முழுவதும் தெரியும். சிறுத்தை வயிறு தரையில் உரச நகர்ந்து வருவதைச் செம்பி பார்த்தாள்.

மரத்தில் கரிச்சான் கூவினான். "எல்லாப் பக்கமும் நலம்!" அவன் குரல் உடைந்தது. குட்டிகள் தண்ணீரில் குனிந்தன.

கத்தினால் குட்டிகளோடு காட்டை விட்டே போக வேண்டும். செம்பி கத்தினாள்!

"சிறுத்தை! நாணல்ல சிறுத்தை! ஓடுங்க!"

விலங்குகள் நிமிர்ந்தன. ஆனால் பாறையைப் பார்க்கவில்லை. வழக்கம்போல மரத்தைத்தான் பார்த்தன.

கருமுகன் சிரித்தான். "அவளுக்குப் பைத்தியம்! நீங்க குடிங்க, குடிங்க!"

எல்லோரும் மறுபடி குனிந்தார்கள். சித்திரை மட்டும் குனியவில்லை. அவள் குளம்பால் தரையை ஓங்கி உதைத்தாள். "அவ சொல்றது நிஜம்! ஓடுங்க!"

மந்தை சிதறி ஓடியது. பாய்ந்த சிறுத்தை தண்ணீரில் போய் விழுந்தது. சொட்டச் சொட்ட எழுந்து, மரத்தைப் பார்த்து உறுமியது. "டேய் கருமுகா! வாரத்துக்கு ஒரு குட்டின்னுதானே பேச்சு? இனிமே உன் கூட்டமும் எனக்குத் தீனிதான்!"

அது காடு முழுவதும் கேட்டது.

உடனே சபை கூடியது. திமிலனார் தொண்டையைச் செருமினார். "முதல் விசாரணை. அனுமதி இல்லாம பாறையிலேர்ந்து கத்தினது யார்?"

ஆமாம், அதைத்தான் கேட்டார்!

சித்திரை முன்னால் வந்தாள். "நாலு குட்டி செத்தப்போ கூடாத சபை, ஒரு சத்தத்துக்குக் கூடியிருக்கே! நல்லா இருக்குய்யா உங்க முறை!"

கரிச்சான் மரத்திலிருந்து இறங்கி வந்தான். எந்தெந்த நாளில் யார் யார் பொய்யாகக் கூவினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். "அதுல நானும் ஒருத்தன்," என்று அழுதான்.

அதற்குமேல் யாரும் திமிலனாரின் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கருமுகனைக் காட்டின் எல்லைவரை துரத்தினார்கள். திமிலனாரையும் தலைமையிலிருந்து இறக்கினார்கள். மரமோ, பாறையோ, முள்புதரோ, ஆபத்தைக் கண்டவர் கண்ட இடத்திலிருந்தே கத்தலாம் என்று ஏற்பாடு ஆயிற்று. கரிச்சான் பயந்ததுபோல யாரும் குடிக்க வராமல் இருந்துவிடவில்லை. நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே குடித்தார்கள். அந்தக் கோடையில் பிறகு ஒரு குட்டியும் சாகவில்லை.

செம்பிக்குப் பழப் பங்கு திரும்பக் கிடைத்தது. ஒரு நாள் அத்திமரத்தடியில் சித்திரை அவளைப் பார்த்து நின்றாள்.

"உன்னை நான் மன்னிக்கலை."

"தெரியும்."

"ஆனா நீ கத்தினா ஓடுவேன்," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள்.

நீதி: கண்ட தவறை அன்றே சொல்வதுதான் கடமை; சொன்னவரைத் தண்டிக்கிற சபைக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.