நனையாத மழைக்கோட்டு

"சாமி, கொட்டகை மறுபடியும் ஒழுகுதுங்க."

துளசிமணி வாசலிலேயே நின்றாள். முந்தானையில் ஒரு பிடி அவரை விதை. ஊறித் தோல் சுருங்கி, ஒன்றிரண்டில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் குரு வேதநாயகிக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் துளசிமணிக்கு அறுபத்திரண்டு. காலில் விழுந்து கும்பிடுவது துளசிமணி. 'அக்கா' என்று கூப்பிடுவது குரு.

குரு விதைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாமே போச்சா, அக்கா?"

"பாதி போச்சுங்க. மிச்சம் ஒரு பைதான் சித்திரைக்கு விதைக்க. அதுவும் நனைஞ்சா இந்த அவரை இத்தோட சரிங்க. வேற எங்கியும் இந்த வித்து இல்லீங்க."

அவள் புருஷன் நஞ்சப்பன் எங்கிருந்தோ மடியில் முடிந்து கொண்டுவந்த வித்து அது. தோட்டத்து மூலையில் நிற்கும் மரக் கொட்டகையும் அவர் கட்டியதுதான். அவர் கண்ணை மூடி நாலு வருஷம் ஆகிறது.

சமையல்கட்டு ஜன்னலிலிருந்து, ஆசிரமத்துக்குச் சமைக்கும் ரங்காத்தாள் குரல் கொடுத்தாள்.

"நாலு வருசமா உள்ளார நின்னு ஓட்டைக்கு மெழுகு அப்புது, சாமி! அத்தனை மெழுகுக்கும் திரி போட்டிருந்தா மலையே வெளிச்சமாயிருக்கும். ஆளை மேல ஏத்துன்னா கேக்காது!"

"அவரு பதிச்ச பலகை. கண்டவங்க ஏறி மிதிக்கறதுக்கா?" என்றாள் துளசிமணி.

"அப்ப வித்தை இங்க கொண்டா."

"உங்கிட்ட எலி இருக்குது."

குரு எழுந்தார். தூறலில் நனைந்தபடியே கொட்டகைக்கு நடந்தார்.

*

உள்ளே பழைய சாக்கு வாசனை. மண்வெட்டி, பூவாளி, தரையில் நாலு கிண்ணம். விதைப் பை பலகைமேல் இருந்தது. அதன் பக்கத்திலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கே ஒழுகாத இடமே இல்லையா?"

"அந்த மூலை ஒண்ணுதாங்க."

"அங்கே என்ன இருக்கு?"



"அவரோட மழைக்கோட்டுங்க. நனைஞ்சிரக் கூடாதுன்னு அங்க மாட்டி வெச்சேனுங்க."

குரு சிரிக்கவில்லை.

கோட்டு பச்சை நிறம். தோள்பட்டையில் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

*

"அக்கா, கதவைச் சாத்துங்க."

சாத்தினாள். இருட்டானது.

"மேலே பாருங்க."

கூரையில் அஞ்சு இடத்தில் வெளிச்சம் கடுகு கடுகாகத் தெரிந்தது. அவள் மெழுகு அப்பிய இடம் ஒன்றுகூட அதில் இல்லை. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, உத்திரத்தோடு ஓடி, வேறொரு இடத்தில் சொட்டியிருக்கிறது.

"அட முருகா" என்றாள்.

குரு விளக்குமாற்றிலிருந்து அஞ்சு ஈர்க்குச்சி உருவினார். கிழங்குக் கூடையைக் கவிழ்த்து ஏறி நின்று, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு குச்சியைச் செருகினார்.

"வெளியே ஏணியில நின்னு பார்த்தா குச்சி முனை தெரியும். அந்தந்தப் பலகைக்கு அடியில ஒரு தகரத் துண்டைத் தள்ளிட்டா சரியாப் போச்சு."

"யாருங்க தள்றது? பெரிய மழை இருட்டிக்கிட்டு வருதுங்களே."

குரு இறங்கிக் கூடையின்மேல் உட்கார்ந்தார்.



"அவரு இருந்தப்பவும் ஒழுகுமா, அக்கா?"

துளசிமணி முகம் மலர்ந்துவிட்டது.

"ஒழுகாம என்னங்க! ஐப்பசி பொறந்தாலே இதே கச்சேரிதான். நாங் கிண்ணம் கிண்ணமாக் கொண்டாந்து வெப்பேன். 'கடை விரிச்சிட்டியா மணி'ம்பாரு. எனக்குக் கோவம் வரும். அப்புறம் வாயில சீட்டியடிச்சுக்கிட்டே ஏணிய எடுப்பாரு. எத்தனை மழை கொட்டினாலும் சரிங்க, அந்தக் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு..."

அவள் கண் மூலையில் தொங்கிய கோட்டுக்குப் போனது.

கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

குரு கதவைத் திறந்துவிட்டு, வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

துளசிமணி மூலைக்குப் போனாள். கோட்டின் தோளைக் கையால் தட்டினாள். தும்மல் வந்தது.

ஆணியிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு போட்டுக்கொண்டாள். கை நீளம். இரண்டு மடிப்பு மடித்தாள். தகரத் துண்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஏணியைக் கூரையில் சாய்த்தாள்.

ரங்காத்தாள் ஓடிவந்து ஏணியைப் பிடித்தாள்.

"அய்யோ, மாமனே திரும்பி வந்தாப்பல இருக்குதே! பார்த்துக் கால் வை, அக்கா."

"நீ கெட்டியாப் பிடி. பேச்சை விட்டுட்டு ஏணியப் பிடி."

மழை வந்துவிட்டது.

உள்ளே நின்ற குரு அண்ணாந்து பார்த்தார். தகரம் உரசும் சத்தம். ஒரு ஈர்க்குச்சி கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கூரைக்கு மேலே யாரோ சீட்டியடிக்கப் பார்க்க, வெறும் காற்றுத்தான் வந்தது.

அஞ்சாவது குச்சியும் விழுந்தது.

"சாமி!"

"சொல்லுங்க, அக்கா."

"அந்த மூலை ஆணி இப்பச் சும்மாத்தானுங்களே இருக்குது? வித்துப் பையை எடுத்து அதுல மாட்டிருங்க."