கரையாத தீவுகள்

“தீயைக் கூட்டித்தானே வெச்சேன், டீச்சர்? அப்ப உறுதியும் கூடத்தானே செய்யணும்?”

சந்தியாகு ஒடிந்த கம்பியை மேசைமேல் வைத்தார். டைட்டானியக் கலவைக் கம்பி. ஒடிந்ததில் இது மூன்றாவது.

முறிந்த எலும்புக்குள் வைக்கும் கம்பிகளைச் சூடேற்றிப் பதப்படுத்தும் கடற்கரைப் பட்டறை அது. சந்தியாகுவுக்கு வயது ஐம்பத்தாறு. அவருக்கு உலை வேலை சொல்லித்தரும் நஸீமாவுக்கு முப்பத்தொன்று.

இந்தக் கம்பி அவர் மனைவி மோட்சத்தின் முறிந்த தொடை எலும்புக்கு. நாளை மறுநாள் ஆபரேஷன்.

நஸீமா ஒடிந்த துண்டை மெருகேற்றி, அமிலத்தில் நனைத்துக் கழுவி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

“பாருங்கண்ணே.”

உலோகத்துக்குள் பெரிய பெரிய வயல்கள் தெரிந்தன. ஊசி ஊசியாக நீண்ட புல். காற்று நின்றுபோன ஊர் மாதிரி இருந்தது.

ஒடியாத கம்பியின் துண்டு ஒன்றை மாற்றி வைத்தாள்.

இங்கே வயல்கள் சிறுத்திருந்தன. நடுநடுவே வெள்ளைத் தீவுகள், பனிக்குள் மிதப்பதுபோல.

“இந்தத் தீவெல்லாம் எப்படி வந்துச்சு?”

“வரல. முன்னாலயே இருந்ததுதான். தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரியோட நிறுத்தினா இது கரையாது. நீங்க ஆயிரத்தைத் தாண்டிட்டீங்க. பழசு பூரா கரைஞ்சுபோச்சு.”

“பழசு போனா நல்லதுதானே?”

“அது நின்னு மறிக்கிறதாலதான் புதுசு அளவா வளருது. மறிக்க ஆளில்லன்னா ஊதிப் பெருத்துடும். அப்புறம் விரிசல் ஓடுறதுக்குத் தடையே கிடையாது.”

சந்தியாகு கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் அந்தத் தீவுகளுக்கிடையே போய்க்கொண்டிருந்தார்.

“கடல் கொண்டுபோன மகன் ரொசாரியோவோட துணி, போட்டோ எல்லாத்தையும் எரிச்சேன், டீச்சர். மோட்சம் ஒரு சட்டையை மட்டும் ஒளிச்சு வெச்சுட்டா. அன்னையிலேருந்து அவகிட்ட பேச்சே இல்ல.”

நஸீமா உலையைத் தொள்ளாயிரத்து ஐம்பதில் வைத்தாள். இடுக்கியை அவரிடம் நீட்டினாள்.

இரண்டு கம்பிகள், மூடுபனிச் சூரியன்போலச் சிவந்தன. எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினார். பிறகு உலையின் குறைந்த சூட்டில் பல மணி நேரம் கிடக்கவிட்டார்.

மறுநாள் ஒன்றை வளைத்துப் பார்த்தார்கள். வளைந்தது, ஒடியவில்லை. மற்றது ஆஸ்பத்திரிக்குப் போனது. சந்தியாகுவும் போனார்.

மோட்சம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மோட்சம், ரொசாரியோவுக்கு எந்த வயசுல நீச்சல் வந்துச்சு? எனக்கு மறந்துபோச்சு.”

அவள் மெல்ல முகத்தைத் திருப்பினாள்.

“அஞ்சு வயசுல,” என்றாள். “உங்க முதுகுலேருந்து வழுக்கி விழுந்தான்ல, அன்னைக்கு.”